ரூஸின் ஆட்டத்தை முடித்தது போர் அன்று

நவம்பர் 11 நெருங்கும்போதெல்லாம் ஒரு கோல்கீப்பரின் பழைய கறுப்பு வெள்ளைப் படம் சமூக ஊடகங்களில் உலவத் தொடங்கிவிடும். முதல் உலகப் போர் ஓய்ந்த நாளை ஒட்டி அந்தப் படத்தைப் பகிர்பவர்கள் கீழே எழுதும் வாசகமும் ஏறத்தாழ மாறுவதில்லை: ஆங்கிலக் கால்பந்தின் தொடக்கக் காலத்து மாபெரும் கோல்கீப்பர், போரினால் ஆட்ட வாழ்வு பாதியில் முறிந்தவர், தாய்நாட்டுக்காக உயிர் ஈந்தவர். நம்மவர்களும் இதைத் தமிழாக்கிப் பகிர்கிறார்கள். கண்ணீர்த் துளிப் பொம்மைகள் நூற்றுக்கணக்கில் குவிகின்றன. இவ்வாண்டும் எனக்கு அது நான்கு திசைகளிலிருந்து வந்து சேர்ந்தது. நான்காவது முறை வந்தபோது, இனியும் வாளாவிருப்பது தகாது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

அந்தப் படத்தில் இருப்பவர் லீ ரிச்மண்ட் ரூஸ். அவர் ஆங்கிலேயர் அல்லர். அவர் ஆட்ட வாழ்வைப் போர் முறிக்கவுமில்லை. மூன்றாவது கூற்றைப் பற்றிப் பின்னர் பேசுகிறேன்; அது முதல் இரண்டையும்விடச் சிக்கலானது.

ரூஸ் 1877 நவம்பர் 27 அன்று வேல்ஸின் வட கிழக்கில், ரெக்சாமுக்கு அருகிலுள்ள ஹோல்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை கிறித்தவ மத போதகர். அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயிலும்போது அவ்வூர் அணிக்கு ஆடி, 1900இல் வெல்ஷ் கோப்பையை வென்றார். பின்னர் மருத்துவம் பயில லண்டன் சென்றார். பட்டம் பெறவேயில்லை, ஆனால் பார்வையாளர்களும் பத்திரிகையாளர்களும் அவரை மருத்துவராகவே எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஸ்டோக், எவர்ட்டன், சண்டர்லாந்து, ஹடர்ஸ்ஃபீல்ட், ஆஸ்டன் வில்லா, வுல்விச் ஆர்சனல் என்று இங்கிலாந்தின் பல கழகங்களுக்கு ஆடினார். நாட்டுக்காக ஆடிய 24 ஆட்டங்களும் வேல்ஸுக்காக ஆடியவை. 1907இல் வேல்ஸ் முதன்முறையாகப் பிரிட்டிஷ் தீவுகளின் சாம்பியன் பட்டத்தை வென்றபோது அந்த அணியின் கோல்கீப்பர் அவர்தாம். இங்கிலாந்தை எதிர்த்துக் கோல்கம்பங்களுக்கு நடுவே நின்றவரை ‘ஆங்கிலக் கோல்கீப்பர்’ என்று ஒரே சொல்லில் விழுங்கிவிடுவதை, ‘மதராசி’ என்ற சொல்லை வட இந்தியாவில் கேட்டு எரிச்சலடைந்த அனுபவமுள்ள நாம் இவ்வளவு எளிதில் விழுங்கக் கூடாது.

அவர் ஆடிய முறையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. இன்றைய கோல்கீப்பர் பெனால்டி எல்லைக்குள் மட்டுமே பந்தைக் கையால் தொடலாம். அன்று அப்படியில்லை, தன் அணியின் பாதி மைதானத்தில் எங்கு வேண்டுமானாலும் தொடலாம். கையில் பந்தை வைத்துக்கொண்டு இரண்டு அடிக்கு மேல் நடக்கத்தான் கூடாது. தரையில் தட்டித் தட்டிக்கொண்டு போனால் அதுவும் குற்றமில்லை. பெரும்பாலான கோல்கீப்பர்கள் இந்த உரிமையைப் பயன்படுத்தத் துணியவில்லை, கோலை வெறுமையாக விட்டுவிட்டுப் போக யாருக்குத்தான் அஞ்சாமல் இருக்கும்? ரூஸ் துணிந்தார். பந்தைத் தட்டிக்கொண்டே நடுக்கோடு வரை ஓடிவந்து, அங்கிருந்து தாக்குதலைத் தொடங்கிவைப்பார். எதிரணி வீரர் மறித்தால் தோளால் இடித்துத் தள்ளுவார். இடையிடையே ரசிகர்களோடு பேச்சும் உண்டு. 1908 டிசம்பர் 5 அன்று, அவ்வாண்டு லீகை வெல்லவிருந்த நியூகாசிலை அதன் சொந்த மைதானத்திலேயே சண்டர்லாந்து 9-1 என்று நொறுக்கியது. அன்று சண்டர்லாந்தின் கோலில் நின்றவர் ரூஸ். அந்தப் பிற்பகலில் அவருக்கு வேலை அதிகம் இருந்திருக்காது என்பது வேறு.

இனி, அந்த ஆட்டத்தை யார் முடித்தார்கள் என்ற கேள்வி. 1910 நவம்பரில் நியூகாசிலுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் மணிக்கட்டு முறிந்தது. சண்டர்லாந்துடனான உறவு அத்துடன் முடிந்தது. 1911இல் வேல்ஸுக்காகக் கடைசியாக ஆடினார். ஆஸ்டன் வில்லாவிலும் வுல்விச் ஆர்சனலிலும் சில ஆட்டங்கள். 1912இல் அவர் லீக் வாழ்வு ஓய்ந்தது, வயது 34. அதே 1912இல்தான் கோல்கீப்பர் பந்தைக் கையாளும் உரிமையைப் பெனால்டி எல்லைக்குள் சுருக்கி விதி திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்துக்கு முதன்மைக் காரணமே ரூஸ்தான் என்று கால்பந்து வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். ஆக, மணிக்கட்டு முறிந்தது, வயதும் ஏறியது, எஞ்சியிருந்த தனித்தன்மையை விதி வகுப்போரின் பேனா முடித்துவைத்தது. இவ்வளவும் நடந்து இரண்டு ஆண்டுகள் கழிந்த பிறகுதான் சராயேவோவில் துப்பாக்கி வெடித்தது.

‘இரண்டு ஆண்டு முன்பின்னாக எழுதியதில் என்ன குடி முழுகிப்போயிற்று?’ என்று கேட்பீர்கள். சென்ற ஆண்டு ஒரு நண்பர் கேட்கவே செய்தார். ஆண்டுப் பிழையை ஆண்டுப் பிழையாக மட்டும் பார்த்தால் திருத்திவிட்டுப் போய்விடலாம். ஆனால் இந்தப் பிழை தற்செயலாக நேர்ந்ததன்று. ‘போர் அவர் ஆட்டத்தை முறித்தது’ என்னும் வாக்கியத்தின் எழுவாயைக் கவனியுங்கள். போர் என்பது அங்கே புயலைப் போல, காலராவைப் போல எங்கிருந்தோ வந்து இறங்குகிறது. அழைத்தவர் இல்லை, அனுப்பியவர் இல்லை, அதனால் ஆதாயம் அடைந்தவரும் இல்லை. அழகான ஒரு விளையாட்டு இருந்ததாம், அதன்மேல் போர் வந்து விழுந்ததாம். 1914க்கும் 1918க்கும் இடையில் இங்கிலாந்தில் கால்பந்துக்கு நேர்ந்தது இதுவன்று.

நேர்ந்ததைச் சொல்கிறேன். 1914 ஆகஸ்டில் போர் தொடங்கியது. மேல்தட்டினரின் விளையாட்டான ரக்பி யூனியன் ஆட்டங்களை நிறுத்திக்கொண்டது. தொழில்முறைக் கால்பந்து நிறுத்தவில்லை. வீரர்களோடு ஒப்பந்தம் இருந்தது, அவர்களுக்கு வாரக் கூலி தந்தாக வேண்டியிருந்தது, சனிக்கிழமை பிற்பகல் ஆலையை விட்டு வரும் தொழிலாளிக்கு அந்த ஆட்டத்தைத் தவிர வேறு பொழுதுபோக்கும் குறைவு. உடனே தாக்குதல் தொடங்கியது. மதுவிலக்குப் பரப்புரையாளர் ஃபிரெடரிக் சாரிங்டன் ஃபுல்ஹாம் மைதானத்துக்கே சென்று ஆட்டத்தைக் கண்டித்துப் பேச முற்பட்டு வெளியேற்றப்பட்டார். ‘பஞ்ச்’ இதழ் 1914 அக்டோபரில் ஒரு கருத்துப்படம் வெளியிட்டது: இந்த ஆட்டத்தில் பணம் கிடைக்கலாம், பெருமை கிடைக்கும் ஆட்டம் வேறிடத்தில் நடக்கிறது என்பது அதன் சாரம். போர்க்களத்தை ‘ஆட்டம்’ என்று அழைத்த நாகரிகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம்கூட எனக்குப் பெரிதில்லை. என்னை உறுத்துவது 1914 நவம்பரில் ‘தி டைம்ஸ்’ நாளிதழில் வெளியான ஒரு கடிதம். கால்பந்து வீரருக்குச் சம்பளம் தரும் ஒவ்வொரு கழகமும் அவர் படையில் சேராதிருக்கக் கையூட்டுத் தருகிறது, நுழைவுச்சீட்டு வாங்கும் ஒவ்வொரு பார்வையாளரும் ஜெர்மனியின் வெற்றிக்குப் பங்களிக்கிறார் என்ற கருத்தில் அமைந்தது அது. எழுதியவர் ஏ. எஃப். போலார்டு. டியூடர் கால வரலாற்றின் பேரறிஞர், வரலாற்றுக் கழகத்தை நிறுவியவர்களுள் ஒருவர், பின்னாளில் லண்டன் வரலாற்று ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிவைத்தவர். எந்தத் துறையில் நான் முனைவர் பட்டத்துக்காகத் தூசி தின்றுகொண்டிருக்கிறேனோ அந்தத் துறையின் முன்னோடி. தன் படிப்பறை மேசையிலிருந்து, வாரம் நான்கு பவுண்டு கூலிக்கு ஆடுபவனைக் கையூட்டு வாங்குபவன் என்று எழுத அவருக்குக் கை கூசவில்லை. விளையாட்டு வரலாறெல்லாம் ஒரு வரலாறா என்று கருத்தரங்குகளில் இன்றும் புருவம் உயர்த்துகிறவர்கள் இந்தக் கடிதத்தை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். வரலாற்றறிஞர்கள் விளையாட்டைக் கவனிக்காமலே இருந்தவர்கள் அல்லர் என்பதாவது தெரியும்.

அதே மாதங்களில் குதிரைப் பந்தயம் நடந்துகொண்டுதான் இருந்தது. 1915 மே மாதம் வரை நடந்தது. அதன் பிறகும் நியூமார்க்கெட்டுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. குதிரைகளின் உரிமையாளர்கள் யார், கால்பந்து பார்க்க வந்தவர்கள் யார் என்று யோசித்தால் இந்த வேறுபாட்டுக்கு விளக்கவுரை தேவைப்படாது.

1914 டிசம்பர் 15 அன்று ஃபுல்ஹாம் நகர மன்றத்தில் கூட்டம் கூட்டி, மிடில்செக்ஸ் ரெஜிமென்டின் 17ஆம் பட்டாலியன், அதாவது ‘கால்பந்து வீரர்களின் பட்டாலியன்’ அமைக்கப்பட்டது. அன்று முன்வந்து கையெழுத்திட்ட வீரர்கள் 35 பேர். கிளாப்டன் ஓரியன்ட் என்னும் சிறு கழகம் ஏறத்தாழ மொத்தமாகவே சேர்ந்தது. அதன் வீரர்கள் வில்லியம் ஜோனஸ், ஜார்ஜ் ஸ்காட், ரிச்சர்ட் மெக்ஃபேடன் மூவரும் 1916இல் மாண்டார்கள். எடின்பரோவில் ஹார்ட்ஸ் அணி லீகின் உச்சியில் இருந்தபோதே வீரர்கள் படையில் சேர்ந்தார்கள். முதல் அணியில் ஏழு பேர் திரும்பவில்லை. இவர்களைப் ‘போர்’ கொண்டுபோகவில்லை. செய்தித்தாள்களும் தேவாலய மேடைகளும் அரங்க வாயிலில் நின்ற ஆள்சேர்ப்பாளர்களும் சேர்ந்து, நீ ஆண்மகனா என்று கேட்டுக் கேட்டுத் தள்ளினார்கள். 1915 ஏப்ரல் 24 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் ஷெஃபீல்ட் யுனைடெட் செல்சியை 3-0 என்று வென்றது. பார்வையாளரில் சீருடை அணிந்தவர்கள் மிகுந்திருந்ததால் அதற்குக் ‘காக்கிக் கோப்பை’ என்று பெயர். அதன்பின் லீக் நிறுத்தப்பட்டது. போர்க்கால ஆட்டங்களுக்கு வீரர்களுக்குக் கூலி கிடையாது என்று தீர்மானிக்கப்பட்டது. ஆட்டம் நடக்கும், நுழைவுக் கட்டணம் வசூலாகும், ஆடுபவனுக்கு மட்டும் ஒன்றுமில்லை. ‘முறிந்த ஆட்ட வாழ்வு’ என்று எழுத வேண்டுமென்றால் இந்தத் தீர்மானத்தைப் பற்றி எழுதுங்கள்.

கோல்கீப்பர்களையே எடுத்துக்கொண்டாலும், போரால் ஆண்டுகளை இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்டன் வில்லாவின் சாம் ஹார்டி 1913இல் கோப்பையை வென்றார், மீண்டும் 1920இல் வென்றார்; இடையிலுள்ள ஆண்டுகளில் அவர் தன் திறமையின் முழுப் பருவத்தில் இருந்தார். மிடில்ஸ்பரோவின் டிம் வில்லியம்சன் 1902இல் தொடங்கி 1923 வரை ஒரே கழகத்துக்காக நின்றவர். நடுவே நான்கு பருவங்கள் வெறுமை. இவர்கள் உயிரோடு திரும்பிவிட்டார்கள், எனவே நவம்பரில் இவர்கள் படம் வருவதில்லை. செத்தவனின் படத்துக்கே சந்தை.

ரூஸின் கதை ஏன் இவ்வளவு விற்கிறது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் ‘அமெச்சூர்’. அதாவது கூலி வாங்காமல் ஆடிய கனவான். 1901 முதல் தொழில்முறை வீரனின் கூலிக்கு வாரம் நான்கு பவுண்டு என்று உச்சவரம்பு இருந்தது. கழகம் விடுவிக்காமல் அவன் வேறு கழகத்துக்குப் போகவும் முடியாது. அமெச்சூருக்கு இந்தக் கட்டுகள் எவையும் இல்லை. விரும்பிய கழகத்துக்குப் போகலாம், ‘செலவுக் கணக்கு’ காட்டிப் பணம் பெறலாம். அந்தக் கணக்கில் என்ன எழுத வேண்டும் என்பதை அவரே முடிவு செய்துகொள்ளலாம். ஒருமுறை விளக்கமான கணக்குக் கேட்கப்பட்டபோது, எதிரணியை விரட்டக் கைத்துப்பாக்கி வாங்கியதற்கு நான்கு பென்ஸ், வேலையில்லாமல் நின்றபோது குளிருக்குக் கையுறையும் மேலங்கியும் வாங்கியதற்கு மூன்று பென்ஸ் என்று எழுதிக் கொடுத்தார் என்றொரு கதை உலவுகிறது. இரயிலைத் தவறவிட்டு, தனி இரயில் அமர்த்திக்கொண்டு வந்து அதன் கட்டணத்தைக் கழகத்தின் தலையில் கட்டினார் என்பது இன்னொன்று. கதைகள் முழு உண்மையோ இல்லையோ, அவற்றை மக்கள் இரசித்தார்கள் என்பது உண்மை. நானும் இரசித்தவன்தான். ஆனால் இதே வேலையை ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகன் செய்திருந்தால் அது குறும்பு என்று பெயர் பெற்றிருக்குமா?

பெற்றிருக்காது என்பதற்கு வெகுதொலைவு போக வேண்டியதில்லை. ரூஸ் கோலில் நின்ற அதே வேல்ஸ் அணியில் வலப்புற ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தவர் பில்லி மெரிடித். சிறுவயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். உச்சவரம்புக் கூலியை எதிர்த்து 1907 டிசம்பரில் மான்செஸ்டரில் வீரர்களின் தொழிற்சங்கத்தை அமைத்தவர்களுள் முன்னணியில் நின்றவர். கையூட்டுக் குற்றச்சாட்டில் தடை விதிக்கப்பட்டு ஓராண்டுக்கு மேல் ஆட முடியாமல் கிடந்தவரும் அவரே. ஏறத்தாழ ஐம்பது வயது வரை ஆடிய அந்த மனிதர் 1958இல் இறந்தார். மான்செஸ்டரிலுள்ள அவர் கல்லறை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெயர்க்கல் இல்லாமலே இருந்தது. மெரிடித்துக்கு வாழ்க்கை முழுவதும் கூலிக் கணக்கு, ரூஸுக்குச் செலவுக் கணக்கு. இருவரும் ஒரே சிவப்புச் சட்டை அணிந்து ஒரே எதிரியை வென்றவர்கள். எவர் படம் நவம்பரில் சுற்றுகிறது, எவர் படம் மே முதல் நாளில்கூடச் சுற்றவில்லை என்பதைப் பகிர்பவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். சங்கத் தலைவர்களும் போரில் செத்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: அச்சங்கத்தின் தலைவராக இருந்தவரும், இங்கிலாந்துக்கு ஆடியவரும், பள்ளி ஆசிரியருமான எவ்லின் லின்டாட் 1916 ஜூலை 1 அன்று சோம் போரின் முதல் நாளிலேயே மாண்டார். அவர் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?

அதே ஜூலை 1 அன்று ஈஸ்ட் சரே ரெஜிமென்டின் கேப்டன் நெவில் தன் வீரர்களுக்குக் கால்பந்துகளைக் கொடுத்து, அவற்றை உதைத்துக்கொண்டே ஜெர்மானியப் பதுங்குகுழிகளை நோக்கி முன்னேறச் செய்தார். அவரும் அங்கேயே இறந்தார். பின்னர் பத்திரிகைகள் அந்தப் பந்துகளைக் கொண்டாடின. சில காலத்துக்கு முன்னர்வரை நாட்டுத் துரோகத்தின் சின்னமாக இருந்த அதே தோல் பந்து, செத்தவர்களின் பக்கத்தில் கிடந்ததும் வீரத்தின் சின்னமாயிற்று. ஒரு தொழிலாளி அதை ஆடிக் கூலி வாங்கியபோது இழிவு. அதை உதைத்துக்கொண்டே அவன் துப்பாக்கிக் குண்டுக்குள் நடந்தபோது மேன்மை. நவம்பர்ப் பதிவுகளின் இலக்கணம் அங்கே பிறந்தது.

மூன்றாவது கூற்றுக்கு வருகிறேன். ரூஸ் போரில் இறந்தார், அதில் ஐயமில்லை. 1914இல் இராணுவ மருத்துவப் படையில் சேர்ந்தார். பிரான்சிலும் பின்னர் கலிப்போலியிலும் பணியாற்றினார். கலிப்போலிக்குப் பின் அவரைப் பற்றிய செய்தி குடும்பத்துக்கு எட்டவில்லை. அங்கேயே இறந்துவிட்டார் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். உண்மையில் 1916இல் அவர் ராயல் ஃபியூசிலியர்ஸ் 9ஆம் பட்டாலியனில் சாதாரணச் சிப்பாயாக இருந்தார். அவ்வாண்டுக் கோடையில் சோம் போர்க்களத்தில் தீக்கக்கும் கருவியால் ஜெர்மானியர் தாக்கியபோது, உடை கருகியும் புகையில் மூச்சுத் திணறியும் சிகிச்சைக்குப் போக மறுத்து, கை ஓயும் வரை எறிகுண்டுகளை வீசினார் என்று படைப்பிரிவின் பதிவு சொல்கிறது. எறிவதற்குப் பழகிய கை அது. மிலிட்டரி மெடல் வழங்கப்பட்டது, லான்ஸ் கார்ப்பரலாக உயர்ந்தார். 1916 அக்டோபர் 7 அன்று கெதகூர் என்னும் ஊருக்கு அருகே நடந்த தாக்குதலில் மறைந்தார். வயது 38. உடல் அடையாளம் காணப்படவில்லை.

இந்த வீரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அக்காட்சியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கும் தொண்டை அடைக்கத்தான் செய்கிறது. ‘தாய்நாட்டுக்காக உயிர் ஈந்தார்’ என்னும் தொடரைத்தான் ஏற்க முடியவில்லை. ஈதல் என்பது கொடுப்பவர் விரும்பிக் கொடுப்பது. அவர் என்ன எண்ணித் துப்பாக்கி ஏந்தினார் என்பதை அவரைத் தவிர வேறெவரும் சொல்ல இயலாது. நூறாண்டுக்குப் பிறகு ஓர் இறந்த மனிதரின் வாயில் நாம் வசனம் வைக்கிறோம். இதில் ஒரு விந்தையும் உண்டு. ரூஸ் படித்த ஹோல்ட் அகாடமியில் 1887இல் சிறிது காலம் ஆசிரியராக இருந்தவர் எச். ஜி. வெல்ஸ். அங்கே மாணவர்களோடு கால்பந்து ஆடும்போது உதைபட்டுச் சிறுநீரகம் சிதைந்து, ஆசிரியப் பணியை விட்டுவிட நேர்ந்தது, எழுத்தாளர் ஆனார். அதே வெல்ஸ்தான் 1914இல், இது போர்களுக்கெல்லாம் முடிவுகட்டும் போர் என்ற முழக்கத்தை நூல் தலைப்பாகவே வைத்து ஊருக்கெல்லாம் விற்றார். வசனம் எழுதித் தருவோர்க்கு எக்காலத்திலும் பஞ்சமில்லை.

இனிப் பெயர். படையில் சேர்ந்தபோது ரூஸ் என்னும் பெயர் ‘ரௌஸ்’ என்று பிழையாகப் பதிவாயிற்று. ஆங்கில எழுத்தில் ஒரே ஓர் எழுத்து மாற்றம். அதனால் தியெப்வால் நினைவுச் சின்னத்திலும் ‘ரௌஸ்’ என்றே செதுக்கப்பட்டது. 72,000க்கும் மேற்பட்ட பெயர்களுக்கு நடுவே, எவருக்கும் தெரியாத ஒரு ரௌஸாக அவர் பல பத்தாண்டுகள் இருந்தார். ஆய்வாளர்கள் ஆவணங்களை ஒப்பிட்டு, அந்த ரௌஸ்தான் இந்த ரூஸ் என்று நிறுவினார்கள். ஸ்பென்சர் விக்னஸ் 2007இல் அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். ஆட்டக் குறிப்புகள் இருந்தன, பத்திரிகைச் செய்திகள் இருந்தன, படங்கள் இருந்தன. அவற்றைக் கொண்டு ஓர் எழுத்தைத் திருத்த முடிந்தது. இந்த உழைப்பைப் பாராட்டுகிறேன். என் வேலையும் இதே வகையானது.

ஆனால், தியெப்வால் வளைவை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ்தான் டெல்லியின் இந்தியா கேட்டையும் வடிவமைத்தவர் என்பது நினைவில் இருக்கட்டும். அது முதல் உலகப் போரில் இறந்த ஏறத்தாழ 70,000 இந்தியப் படையினருக்கான சின்னம் என்று பள்ளியில் படித்திருப்போம். அதன் சுவர்களில் உள்ள பெயர்கள் சுமார் 13,000 மட்டுமே. அவற்றிலும் பெரும்பகுதி வடமேற்கு எல்லைப் போர்களிலும் 1919 ஆப்கன் போரிலும் இறந்தவர்களுடையவை. மெசபடோமியாவில் இறந்தவர்களுக்கு 1929இல் திறக்கப்பட்ட பாஸ்ரா நினைவுச் சின்னம் இருக்கிறது. 40,500க்கும் மேற்பட்டோரை நினைவுகூர்வது. அங்கே பிரிட்டிஷ் சிப்பாய் ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு. இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்களுக்கு ரெஜிமென்ட் வாரியாக எண்ணிக்கை மட்டுமே பொறிக்கப்பட்டது. இந்த ரெஜிமென்டில் இத்தனை பேர், அவ்வளவுதான். மெசபடோமியாவில் பணியாற்றிய படைகளுள் நம் மெட்ராஸ் சாப்பர்ஸும் ஒன்று என்பதால் இது தமிழர் வீட்டுக் கணக்கும்கூட. பதவியோ இனமோ சமயமோ பாராமல் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நினைவுகூர்வோம் என்ற கொள்கையோடு தொடங்கப்பட்ட ஆணையம் கட்டியது இது.

2021 ஏப்ரலில் அதே காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் தன் சிறப்புக் குழுவின் அறிக்கையை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டுள்ளார்கள். மேலும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரின்றியோ அறவே நினைவுச் சின்னமின்றியோ விடப்பட்டுள்ளார்கள் என்று அது ஒப்புக்கொண்டது. இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும். அந்த வாரம் நம் சமூக ஊடகங்களில் இதைப் பற்றிப் பெரிதாக எவரும் பேசியதாக நினைவில்லை. அடுத்த நவம்பரில் ரூஸின் படம் தவறாமல் வந்தது.

‘இறந்த ஒருவரை இன்னொரு இறந்தவரோடு மோதவிடுகிறாயா?’ என்று கேட்கப்போகும் நண்பர்களுக்கு: ரூஸிடம் எனக்கு எந்தப் பகையும் இல்லை. விதியின் சந்துபொந்துகளைக் கண்டுபிடித்து விளையாடியவர், விதி வகுத்தவர்களை விதியையே மாற்றவைத்தவர், அவரைப் போல ஒரு கோல்கீப்பரை நேரில் பார்க்கக் கிடைத்தால் எத்தனை மைல் வேண்டுமானாலும் நடப்பேன். அவரை அவராகவே எழுதுங்கள் என்கிறேன். வேல்ஸ்காரர் என்று எழுதுங்கள். ஆட்டம் 1912இல் முடிந்தது என்று எழுதுங்கள், எப்படி முடிந்தது என்றும் எழுதுங்கள். 1916இல் முடிந்தது ஆட்ட வாழ்வு அன்று, உயிர். போரின் பெயரால் ஆட்டத்தை இழந்தவர்களைத் தேடுவோர், கூலி நிறுத்தப்பட்ட தொழில்முறை வீரர்களிடமிருந்து தொடங்கலாம். அமைதியின் பெயரால் இழந்தவர்களும் இருக்கிறார்கள்: போர்க்காலத்தில் வெடிமருந்து ஆலைகளில் வேலை செய்துகொண்டே பிரெஸ்டனின் டிக், கெர் அணியைப் போன்ற அணிகளில் ஆடிய பெண்களை, 1920 டிசம்பரில் ஒரே ஆட்டத்துக்கு 53,000 பேரைத் திரட்டிய பெண்களை, 1921 டிசம்பர் 5 அன்று எஃப்.ஏ. தன் மைதானங்களிலிருந்து வெளியேற்றியது. தடை ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்தது. அந்த அணிகளிலும் கோல்கீப்பர்கள் இருந்தார்கள்.

பாஸ்ரா சுவரில் எண்ணாக நிற்பவர்களுள் எவரேனும் பந்து உதைத்திருப்பாரா என்று சில இரவுகளில் எண்ணுவதுண்டு. உதைத்திருக்கலாம், படை முகாம்களில் கால்பந்து இல்லாத இடம் ஏது? ரூஸுக்கு ஓர் எழுத்துத்தான் பிழையாயிற்று, அதைத் திருத்த முதலில் ஒரு பெயராவது கல்லில் இருந்தது. அடுத்த நவம்பரில் அந்தப் படத்தை எனக்கு அனுப்புகிறவர்கள், கூடவே பாஸ்ரா சுவரின் ஒரு பலகைப் படத்தையும் சேர்த்து அனுப்பினால் மறுப்பு எழுதாமல் பகிர்வேன்.